ஊழும் சீட் பெல்ட்டும்

செகந்திராபாத்தில், பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி சுப்ரமணிய சுவாமி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வசிப்பவரும், ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவரும், நித்திய கர்மானுஷ்டானங்களில் அணுவளவும் வழுவாதவருமான என் நண்பர் ஒருவர், தம் மகன் வாங்கிய புதுக் காரின் பின்னாசனத்தில் என்னோடு அமர்ந்து சென்றபோது, நான் பக்கத்துச் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்ள முயல்வதைக் கண்டு, "ஓய், ஆயுசு முடிஞ்சுடுத்துன்னா இரும்புப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருந்தாலும் போகவேண்டியதுதான். முடியலேன்னா எந்த லாரி வந்தும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. இந்தத் துணிப்பட்டையா யமனைத் தடுக்கப்போறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரேயொழிய, அது கேலிக்குரிய கேள்வியன்று. ஊழில் பூரண விசுவாசம் உள்ளவன் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வது அந்த விசுவாசத்துக்கு முரணா, அன்றி அதன் ஓர் அங்கமா என்பது, நம் நாட்டு மெய்ஞ்ஞானிகளும் வைத்தியர்களும் அரசர்களும் நெடுங்காலமாக மல்லாடி வந்த பிரச்சினை. இன்று அது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதிகளுக்குள்ளும், கார் உற்பத்திச்சாலைகளின் வரைபடங்களுக்குள்ளும் புகுந்துகொண்டு, வேறு பெயர்களில் உலவுகிறது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களிலும் ஏறக்குறையச் சரிபாதியினர், 8,331 பேர், வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், உடன் அமர்ந்து சென்றவர்கள். இவர்கள் எல்லோரும் விதியை நம்பியதால் பெல்ட்டை மறுத்தார்கள் என்று சொன்னால் அது மிகை. அசிரத்தை, கசங்கும் சட்டை, 'பக்கத்திலேதானே போகிறோம்' என்ற எண்ணம், போலீஸ்காரர் பின்னாசனத்தை எட்டிப் பார்ப்பதில்லை என்ற அனுபவ ஞானம் ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் இத்தனை சில்லறைக் காரணங்களுக்கும் மேலே ஒரு கௌரவமான போர்வையாக விதி என்னும் சொல் எப்போதும் தயாராக இருக்கிறது என்பதையும், விபத்துக்குப் பிறகு வீட்டு வாசலில் கூடுகிறவர்கள் முதலில் அதையே எடுத்துப் போர்த்துகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இதற்கு ஓர் உதாரணம் இந்த நகரத்தாருக்கு நன்கு தெரிந்ததே. என்.டி. ராமராவின் புதல்வரும், நடிகரும், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான நந்தமூரி ஹரிகிருஷ்ணா, 2018 ஆகஸ்டு 29-ஆம் தேதி அதிகாலையில் ஹைதராபாத்திலிருந்து நெல்லூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்குத் தாமே காரை ஓட்டிச் சென்று, நல்கொண்டா மாவட்டத்தில் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றும், வண்டியிலிருந்து வெளியே தூக்கி எறியப்பட்டார் என்றும் போலீசார் கூறினர். நாலு வருஷங்களுக்கு முன்னால் அவருடைய மூத்த மகனும் அதே மாவட்டத்துச் சாலையில் விபத்தில் இறந்திருந்தார். இருவர் கார்களுக்கும் 2323 என்ற ஒரே இலக்கம் வாய்த்திருந்ததை ஒருவர் கண்டு சொல்ல, பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் டீக்கடைகளும் பல நாட்கள் அந்த இலக்கத்தின் கிரக பலாபலனையே விசாரித்துக்கொண்டிருந்தன. பெல்ட்டைப் பற்றிய பேச்சு அதற்கடுத்த வரிசையிலேயே உட்கார்ந்தது. துக்கம் காரணத்தைத் தேடும்போது, மனிதன் திருத்திக்கொள்ளக்கூடிய காரணத்தைவிடத் திருத்த முடியாத காரணத்தையே விரும்புகிறது. ஏனெனில் திருத்தக்கூடியதாக இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் இறந்தவர்மீது குறை சொல்லும் வேதனையும் சேர்ந்திருக்கிறது. அந்த மட்டில் அது மன்னிக்கத்தக்கது என்றே நினைக்கிறேன்.

நண்பரின் கேள்வியைக் கேட்டவர்களில் அவர் முதல்வர் அல்லர். சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், ஊர் ஊராக ஜனங்கள் கொள்ளைநோய்களால் மாள்வதைப் பற்றிப் பேசும் மூன்றாம் அத்தியாயத்தில், அக்னிவேசன் என்னும் சிஷ்யன் தன் ஆசாரியராகிய ஆத்திரேயரிடம், பிராணிகளின் ஆயுள் முன்னமே நியதமானதா அல்லவா என்று நேராகவே கேட்டுவிடுகிறான். ஆசாரியர், தெய்வம் என்பது முற்பிறவியில் நாம் செய்தது, புருஷகாரம் என்பது இப்பிறவியில் நாம் செய்வது, ஆயுளின் அளவு இவ்விரண்டின் கூட்டைச் சார்ந்தது, வலிய முயற்சி பலவீனமான தெய்வத்தை வெல்லும், வலிய தெய்வம் முயற்சியை வெல்லும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அதன்பின் எடுத்து வைக்கும் வாதம் நம் காலத்து வழக்கறிஞர்களுக்கும் நன்றாக உதவும். எல்லோருடைய ஆயுளும் நியதமானதாகவே இருக்குமானால், நீண்ட ஆயுளை விரும்பி ஜனங்கள் மந்திரம் ஓதுவதும், மணியும் மூலிகையும் தரிப்பதும், பலியும் ஹோமமும் விரதமும் நடத்துவதும் எதற்காக? மதங்கொண்ட யானைக்கும் வெறிபிடித்த மாட்டுக்கும் ஓடும் குதிரைக்கும் ஒதுங்கி நிற்பதுதான் எதற்காக?

இந்த வாதத்தின் கூர்மை எங்கே இருக்கிறதென்றால், பிரார்த்தனையையும் பூஜையையும் ஆத்திரேயர் விதியின் பக்கத்தில் வைக்காமல் முயற்சியின் பக்கத்தில் வைத்துவிடுவதில் இருக்கிறது. ஜூபிலி ஹில்ஸ் பெத்தம்மா கோயில் வாசலில் எந்த நல்ல நாளிலும் புதுக் கார்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். முன்மூடியின்மேல் மஞ்சளும் குங்குமமும் குழைத்து ஸ்வஸ்திகம் எழுதி, சாமந்தி மாலை சார்த்தி, கற்பூரம் சுற்றி, தேங்காய் உடைத்து, நாலு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழத்தை வைத்து, சொந்தக்காரர் ஏறி மெல்ல வண்டியை நகர்த்த, அந்தப் பழங்கள் நசுங்கும் ஓசையை வீட்டுப் பெண்கள் கைகூப்பியபடி கேட்கிறார்கள். அழகான கிருத்தியம்; யந்திரத்தையும் வணங்கத்தக்கதாகக் காணும் இந்த மனப்பான்மையைப் பரிகாசம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆயுள் நியதமானது என்று உண்மையிலேயே நம்புகிறவனுக்கு அந்த எலுமிச்சம்பழமும் வீண் செலவே. பழத்தை வைத்தவன், வருவதை மாற்ற முடியும் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன். பிறகு, பழத்துக்குப் பலன் உண்டு, பெல்ட்டுக்கு இல்லை என்று அவன் வாதிப்பானாகில், அது வேதாந்தமும் ஆகாது, தர்க்கமும் ஆகாது.

ஆத்திரேயர் தம் கருத்தை விளக்க எடுத்துக்கொண்ட திருஷ்டாந்தமோ, சொல்லிவைத்தாற்போல, ஒரு வண்டியின் அச்சு. நல்ல மரத்தில் இழைத்த அச்சு, முறையாக ஓட்டப்பட்டால், தன் காலம் முழுதும் உழைத்துத் தேய்ந்து ஓய்கிறது. அது கால மரணம். அதே அச்சு, பாரம் மிகுந்தாலும், பாதை மேடுபள்ளமானாலும், வண்டி பாதையல்லாத பாதையில் சென்றாலும், சக்கரம் உடைந்தாலும், கடையாணி கழன்றாலும், எண்ணெய் இடாது விட்டாலும், மாடோ ஓட்டுபவனோ தவறு செய்தாலும் நடுவழியிலேயே முறிகிறது. அது அகால மரணம். இந்த அட்டவணையைப் பாருங்கள்: வாகனத்தின் குறை, சாலையின் குறை, பராமரிப்பின் குறை, ஓட்டுநரின் குறை. இக்காலத்துப் பொறியியல் நிபுணர் ஒரு விபத்தை ஆராய உட்கார்ந்தால் இதே நாலு தலைப்புகளைத்தான் முதலில் எழுதிக்கொள்வார். தெய்வத்தை மறுக்காத வைத்தியர், தெய்வத்தின் பெயரைச் சொல்லாமலேயே அச்சு முறிந்த காரணங்களை எண்ணி முடித்துவிட்டார்.

ஆயினும், காரணங்களை அறிந்துவிட்டதனால் மட்டும் மனிதன் திருந்திவிடுவதில்லை. யந்திரத்தை வடித்தவர்கள் மெல்ல மெல்லக் கண்டுகொண்ட உண்மை இது. சுவீடன் தேசத்தின் வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்பவர் 1959-இல் மூன்று முனைப் பெல்ட்டை அமைத்தபோது, அந்த நிறுவனம் காப்புரிமையை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்து விட்டது. தர்மம் என்றால் அது தர்மம். வாங்கியவர்களோ அதை மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டாதவனை எப்படி மாட்ட வைப்பது என்று ஆராய்ந்த அமெரிக்க அரசாங்கம், முன்னாசனத்தில் இருப்பவர் பெல்ட் அணிந்தாலொழிய எஞ்சின் கிளம்பாத ஓர் ஏற்பாட்டை 1974-ஆம் வருஷத்துக் கார்களில் கட்டாயமாக்கியது. காய்கறிப் பையை ஆசனத்தில் வைத்தாலும் ஆள் அமர்ந்ததாக எண்ணி வண்டி அடம் பிடித்தது. ஜனங்களின் கோபம் எவ்வளவு கடுமையாக இருந்ததென்றால், அந்த வருஷம் அக்டோபர் மாதமே காங்கிரஸ் சபை சட்டம் இயற்றி அதைத் தடைசெய்ததோடு, பெல்ட்டை நினைவூட்டும் ஓசை எட்டு விநாடிக்குமேல் ஒலிக்குமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும் விதித்துவிட்டது. உயிரைக் காக்கும் மணி எத்தனை விநாடி அடிக்கலாம் என்பதை ஒரு பேரரசின் பிரதிநிதிகள் கூடி நிர்ணயித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. மனிதன் தானாகப் பெல்ட் அணியமாட்டான் என்றால், அவனுடைய சம்மதத்தை எதிர்பாராமலே அவனைக் காக்கும் கருவி வேண்டும் என்று காற்றுப்பை வந்தது. பெல்ட் அணியாத ஒரு முழு வளர்ந்த ஆணின் உடல் முன்னோக்கிப் பாய்வதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்ற கணக்கில் அது வடிக்கப்பட்டது. ஆகவே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பெரும் வேகத்தோடு வெடித்து விரிந்தது. அந்த வேகம், முன்னாசனத்தில் அமர்த்தப்பட்ட குழந்தைகளையும், ஸ்டியரிங்குக்கு மிக அருகே அமர்ந்து ஓட்டிய குட்டையான பெண்களையும், சாதாரணமாகப் பிழைத்திருக்கக்கூடிய சிறு மோதல்களிலேயே கொன்றது. 1990-க்கும் 2008-க்கும் இடையே இவ்வாறு இறந்தவர்கள் 290-க்கும் மேற்பட்டவர்கள் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையே கணித்திருக்கிறது. விதிகளைத் தளர்த்திக் காற்றுப்பையின் வேகத்தைக் குறைத்த பிறகே அந்த மரணங்கள் தணிந்தன. ஒருவனுடைய அலட்சியத்தை நிரந்தரமான உண்மையாகக் கொண்டு கட்டப்பட்ட கருவி, அந்த அலட்சியத்தின் பலனை வேறொருவனுடைய குழந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கர்மம் செய்தவனையே சென்றடையும் என்ற நம்பிக்கையோடு வளர்ந்த நமக்கு இது நெருடலாக இருக்கிறது. ஆனால் யந்திரங்கள் மலிந்த உலகில் கர்மம் பெரும்பாலும் விலாசம் மாறியே போகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, இங்கே விற்கப்படும் கார்களில் முன்னாசனப் பெல்ட்டுக்கான எச்சரிக்கை மணியும், வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் ஓயாமலும் ஒலிக்கும் மணியும் கட்டாயமாயின. மணி வந்த சூட்டிலேயே அதன் வாயை அடைக்கும் உபாயமும் வந்துவிட்டது. சிறு உலோகத் தகடு. பெல்ட்டின் நாக்குப் போலவே வார்க்கப்பட்டது. அதைக் கொக்கியில் செருகிவிட்டால், பெல்ட் அணிந்தாயிற்று என்று கார் நம்பிவிடும். தலைப்பக்கத்தில் கார் நிறுவனத்தின் சின்னம் பளபளவென்று பொறித்திருக்கும். சில தகடுகள் பாட்டில் திறப்பான் என்ற பெயரிலும் சிகரெட் கொளுத்தி என்ற பெயரிலும் விற்கப்பட்டன. டாட்டா குழுமத்தின் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா நதிப் பாலத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தபோது, முன்னாசனத்தில் இருந்த இருவர் பிழைக்க, பின்னாசனத்தில் பெல்ட் அணியாதிருந்த அவரும் மற்றொருவரும் மாண்டார்கள் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. அதன் பின்னரே இந்தத் தகடுகளின்மேல் அரசாங்கத்தின் கண் விழுந்து, 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு ஆணையிட, 13,118 விற்பனை அறிவிப்புகள் நீக்கப்பட்டன. பதின்மூவாயிரம் அறிவிப்புகள்! தன்னைக் காக்க அமைந்த மணியை ஏமாற்றுவதற்காகக் காசு கொடுத்துப் பொருள் வாங்கும் ஜீவன் மனிதனைத் தவிர வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. என் நண்பரின் மகன் தகடு வாங்கவில்லை. ராணிகஞ்ச் பக்கத்துக் கடையொன்றில் தைத்துப் போட்ட ஆசன உறை, பின்பக்கக் கொக்கிகள் மூன்றையும் விழுங்கிவிட்டிருந்தது. விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தும் எனக்கு ஒன்றே அகப்பட்டது.

பெல்ட்டைப் பற்றிய வரையில், 'என் உயிர், என் இஷ்டம்' என்று ஒருவர் சொல்லக்கூடும். அதுவும் சரியன்று, மோதலின்போது பின்னாசனத்தில் கட்டுண்ணாத உடல், கார் சென்ற வேகத்திலேயே பாய்ந்து முன்னால் இருப்பவரை நசுக்கும் என்பது பரிசோதனைகளில் பலமுறை கண்ட விஷயம். ஆயினும், இந்த ஆட்சேபத்தை ஒரு கணம் ஒப்புக்கொண்டு, இஷ்டம் என்ற சொல்லே எழ இடமில்லாத ஓரிடத்துக்குப் போவோம்.

கச்சிபௌலியில் பயோடைவர்சிட்டி சந்திப்பின் மேம்பாலம் 2019 நவம்பர் 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. வளைந்து செல்லும் அந்தப் பாலத்தில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். அதே மாதம் 23-ஆம் தேதி, 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் வந்ததாகப் போலீசார் கூறிய கார் ஒன்று வளைவில் திரும்பமாட்டாமல் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்து கீழே சாலையில் விழுந்தது. கீழே நின்றுகொண்டிருந்த பெண்மணி ஒருவர் அங்கேயே இறந்தார். காரில் இருந்தவர் காயங்களோடு பிழைத்தார். பாலம் மூடப்பட்டு, நிபுணர்கள் ஆராய்ந்து, வேகத்தைக் குறைக்கும் வரம்புகளும் உயர்ந்த தடுப்பும் காமிராக்களும் அமைந்த பின், 2020 ஜனவரியில் மறுபடி திறக்கப்பட்டது. வளைவின் அமைப்பே பிழை என்று ஒரு சாராரும், ஓட்டியவரின் வேகமே பிழை என்று ஒரு சாராரும் வாதித்தார்கள். மூன்றாவது சாரார், அந்த அம்மாள் அந்நேரம் அவ்விடத்தில் நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தது என்றார்கள்.

இந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தார் அதைச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்வார்களானால், அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் பாலம் கட்டியவரோ, சட்டம் இயற்றுபவரோ, காரை ஓட்டுகிறவரோ, செய்தியைப் படித்துவிட்டு காபியை உறிஞ்சுகிற நாமோ அதைச் சொல்லலாகாது. ஊழ் என்பது, இழந்தவன் திரும்பிப் பார்க்கையில் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல். செய்யப்போகிறவன் முன்னோக்கிப் பார்க்கும்போது அதற்கு அங்கே வேலையில்லை. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து அறத்துப்பாலை முடித்தவர், ஆளுகிறவர்களுக்கும் தொழில் செய்கிறவர்களுக்கும் உரிய பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்திருப்பதன் நியாயம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

காருக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி இன்னொரு வாதமும் உண்டு. சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆராய்ந்த சாம் பெல்ட்ஸ்மன் என்பவர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதி, காருக்குள் பத்திரம் கூடக்கூட ஓட்டுகிறவனின் துணிச்சலும் கூடுகிறது, ஆகவே உள்ளே குறையும் மரணம் வெளியே நடந்து செல்பவர்களிடம் கூடுகிறது என்று வாதித்தார். அவர் சொன்ன அளவைப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். பெல்ட்டும் மற்றக் கருவிகளும் நிகரமாக உயிர்களைக் காத்தே இருக்கின்றன. ஆனால் அவர் சுட்டிக் காட்டிய திசை தவறானதென்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டத்தில் கார்களுக்கு வழங்கும் நட்சத்திரங்கள், உள்ளே அமரும் பெரியவர்களுக்கும் உள்ளே அமரும் குழந்தைகளுக்குமாகவே எண்ணப்படுகின்றன. 2022-இல் நம் சாலைகளில் இறந்த பாதசாரிகள் மட்டும் 32,000-க்கும் மேற்பட்டவர்கள். காருக்குள் ஒலிக்கும் மணிகள் ஒன்றிரண்டல்ல. பஸ் நிறுத்தத்தில் நிற்பவளுக்காக ஒலிக்கும் மணி எங்கேயும் இல்லை.

அப்படி ஒரு மணி திருவாரூரில் இருந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி ராஜவீதியில் சென்றபோது, கன்று ஒன்று எவரும் அறியாமல் சக்கரங்களிடையே புகுந்து மடிந்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தது. இந்தக் கதையில் நாம் வழக்கமாக அரசனின் கடுமையை மட்டுமே பேசி நின்றுவிடுகிறோம்; எனக்கு முக்கியமாகப் படுவது அமைச்சர்கள் சொன்ன யோசனை. இதற்கு மறை விதித்த பிராயச்சித்தம் உண்டு, அதைச் செய்துவிட்டால் போதும் என்றார்கள். இளவரசனும் தந்தைக்குத் தெரியுமுன்பே அதைத்தான் நாடிப் புறப்பட்டிருந்தான். தேரில் இருந்தவனின் பாவத்தை நீக்க அது போதுமானதாக இருக்கலாம். அரசன் கேட்ட கேள்வி, அந்தப் பிராயச்சித்தம் பசுவின் துயரைத் தீர்க்குமா என்பது. மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை இக்காலத்தவன் எவனும் பரிந்துரைக்கமாட்டான். ஆனால் அறத்தின் கணக்கைத் தேருக்குள் இருந்தவன் பக்கத்திலிருந்து தொடங்காமல், வெளியே நின்ற வாயில்லாப் பிராணியின் பக்கத்திலிருந்து தொடங்கினானே, அந்தப் பார்வை நம் போக்குவரத்துச் சட்டங்களில் இன்னும் குடியேறவில்லை.

நம்மிடம் இருப்பது அமைச்சர்களின் பார்வை. அதிலும் தள்ளுபடி விலையில். தெலங்கானாவில் கட்டப்படாமல் தேங்கிய போக்குவரத்துச் சலான்களை வசூலிக்க, 2022 மார்ச்சில் இருசக்கர வண்டிகளுக்கு 75 சதவிகிதமும் கார்களுக்கு 50 சதவிகிதமும் அபராதம் குறைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் அந்தச் சலுகை முறையே 80, 60 சதவிகிதமாக உயர்ந்தது. கஜானாவுக்கு இது விவேகமான ஏற்பாடாக இருக்கலாம். ஜனங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது, காத்திருந்தால் பாவம் மலிவாகும் என்பதே.

யந்திரமே நம்மைக் கட்டாயப்படுத்தி நல்வழியில் நடத்துமானால் அதில் நமக்கு என்ன புண்ணியம் என்ற ஆட்சேபமும் உண்டு. வேகத்தை மீறவே இயலாத காரை ஓட்டுகிறவன் வேகத்தை மீறாததில் என்ன பெருமை? புண்ணியம் நம் கணக்கில் ஏறுவதற்காகத்தான் தர்மம் இருக்கிறது என்று எண்ணுகிறவர்களே இப்படிக் கேட்க முடியும். கீழே நிற்பவளுக்கு, மேலே செல்பவன் தன் சித்தசுத்தியால் வேகத்தைக் குறைத்தானா, வரம்பு குலுக்கியதால் குறைத்தானா என்பதில் அக்கறையில்லை. தவிரவும், கட்டாயமாக வந்தது நாளடைவில் ஆசாரமாக ஊறிவிடும்: கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன் அதைப் பற்றி யோசிப்பதுமில்லை, அதற்காகத் தன்னை மெச்சிக்கொள்வதுமில்லை. பெல்ட்டும் அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குத்தான் சட்டமும் மணியும் தேவைப்படுகின்றன.

ஆனால் அந்தச் சட்டம் யார் தலையில் பொறுப்பை ஏற்றுகிறது என்பதில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, பெல்ட் அணியாமல் ஓட்டுகிறவருக்கும், பெல்ட் அணியாத பயணிகளை ஏற்றிச் செல்கிறவருக்கும் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அதாவது பின்னால் இருப்பவர் செய்த தவறுக்கும் ஓட்டுநரே பொறுப்பாளி. மனுஸ்மிருதி நான் வழிகாட்டுதலுக்கு நாடும் நூலன்று. எனினும் அதன் எட்டாம் அத்தியாயத்தில் வண்டி விபத்துகளைப் பற்றி வரும் பகுதி வியப்பூட்டுவது. மூக்கணாங்கயிறு அறுந்தாலும், நுகம் முறிந்தாலும், அச்சோ சக்கரமோ உடைந்தாலும், விலகு விலகு என்று ஓட்டுபவன் உரக்கக் கூவியும் ஆள் விலகாதிருந்தாலும் இன்னும் சிலவுமாகப் பத்துச் சந்தர்ப்பங்களில் தண்டம் இல்லை. (ஹைதராபாத்தில் ஹாரன் அடிப்பவர்கள் இந்த ஒரு விலக்கை மட்டும் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள்.) ஓட்டுபவனின் திறமைக்குறைவால் வண்டி தடம் மாறித் தீங்கு நேர்ந்தால் சொந்தக்காரனுக்கு 200 பணம், ஓட்டுபவன் தேர்ந்தவனாயிருந்தும் தவறினால் தண்டம் அவனுக்கே, தேர்ச்சியற்றவன் ஓட்டும் வண்டியில் ஏறிச் சென்றவர்களோ ஆளுக்கு 100 பணம் கட்டவேண்டும். பிரயாணம் செய்கிறவனும் கர்த்தாக்களில் ஒருவன் என்பதை அந்தப் பழைய நூல் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதிவைத்துவிட்டது.

ஹைடெக் சிட்டியிலிருந்து மாலையில் திரும்பும் வாடகைக் கார்களில் பாருங்கள். ஓட்டுநர் மகபூப்நகரிலிருந்தோ வரங்கல்லிலிருந்தோ பிழைப்புக்கு வந்த இளைஞர். மாதத் தவணையில் வாங்கிய வண்டி. பின்னால் அமர்ந்திருப்பவர், இறங்கியதும் கைப்பேசியில் அவருக்கு எத்தனை நட்சத்திரம் இடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றவர். "சார், பெல்ட் பெட்டுக்கோண்டி" என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பார், "லைட் தீஸ்கோ பாய், பின்னால யாரு பார்க்கறா?" என்று பதில் வந்தால் அதற்குமேல் வாய் திறக்கமாட்டார். அதிகாரம் முழுதும் பின்னாசனத்திலும், அபராதம் முழுதும் முன்னாசனத்திலும் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் தயாராகும் கார்களில் பின்னாசனத்துக்கும் எச்சரிக்கை மணி வந்துவிட்டது. சலானும் அந்த மணியைப் போலவே, எவர் பெல்ட் அணியவில்லையோ அவருடைய பெயரைத் தேடிக்கொண்டு போகுமாறு பிரிவைத் திருத்துவதற்கு நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கியம் போதும்.